தேனாம்பேட்டை மண்ணும் பாரிஸ் மண்ணும்



தேனாம்பேட்டை உங்களில் பலருக்குப் புதிய இடமன்று. நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகச் சென்னைக்கு வந்த தந்தையர் எத்தனையோ பேர், கையில் மதிப்பெண் சான்றிதழும் மனத்தில் கலக்கமுமாக இங்கே வந்து இறங்கியிருக்கிறார்கள். நீதியரசர் பஷீர் அகமது சயீத் அவர்களின் பெருமுயற்சியால் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 'எஸ்.ஐ.இ.டி. கல்லூரி' என்றே மக்கள் நாவில் நிலைபெற்றுவிட்ட மகளிர் கல்லூரி இப்பகுதியில்தான் அமைந்திருக்கிறது.

ஆனால் இன்று நான் உங்களை இங்கே அழைப்பது கல்லூரியைக் காட்டுவதற்காக அன்று. ஓர் ஆடுகளத்தின் கதையைச் சொல்வதற்காக! "டென்னிஸுக்கும் தேனாம்பேட்டைக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் வியக்கலாம். சற்றுப் பொறுமையுடன் என்னோடு நடந்து வாருங்கள். இந்தக் கதையே பொறுமையைப் பற்றியதுதான்.

ஏரி இருந்த இடம்

ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலின் மினாராக்களைப் பின்னால் விட்டுவிட்டு, அண்ணா சாலையில் தெற்கு நோக்கிச் செல்வோம். 1973இல் கட்டப்பெற்ற அண்ணா மேம்பாலத்தைக் கடக்கிறோம். டி.எம்.எஸ். வளாகமும் காமராசர் அரங்கமும் அடுத்தடுத்து வருகின்றன. பிறகு தேனாம்பேட்டைச் சந்திப்பு. கிழக்கே எல்டாம்ஸ் சாலை ஆழ்வார்பேட்டைக்குச் செல்கிறது. மேற்கே தியாகராயர் சாலை பாண்டி பஜாரை நோக்கி நீள்கிறது. நாற்புறமும் வாகனங்களின் இரைச்சல்!

இந்தச் சந்திப்பில் நின்று மேற்கே பாருங்கள். நூறாண்டுகளுக்கு முன் இதே இடத்தில் நின்றிருந்தால் உங்கள் கண்ணில் கடைகள் பட்டிருக்கா. நீர்ப்பரப்புதான் தெரிந்திருக்கும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, அண்ணா சாலையின் மேற்கே நீண்டு கிடந்தது ஒரு பேரேரி. 1920களில் அந்த ஏரியை வடித்து, நிலத்தை மேடாக்கி, சர் பிட்டி தியாகராயரின் பெயரால் தியாகராய நகரை அமைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் 'ஏரிப் பகுதி' என்ற பெயர் மட்டும் இன்றும் எஞ்சி நிற்கிறது. நாம் பட்டும் பாத்திரமும் வாங்கச் செல்லும் தெருக்களின் அடியில் உறங்குவது அந்த ஏரியின் களிமண்தான்.

அந்த நுங்கம்பாக்கத்திலேதான் 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக ஒரு டென்னிஸ் அரங்கம் எழுந்தது. 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் உலகின் முன்னணி வீரர்கள் அங்கே வந்து ஆடினார்கள். ஆனால் அந்த அரங்கின் களம் மண் களம் அன்று, கெட்டித் தரை. மண் களத்தில் நிகரற்றவர் என்று உலகம் போற்றிய ரஃபேல் நடால், 2008இல் அங்கே இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் மிகாயில் யூஸ்னியிடம் 0-6, 1-6 என்று தோற்றார்! தரை மாறினால் திறமையின் மதிப்பும் மாறிவிடுகிறது. ஒவ்வொரு தரைக்கும் ஒரு குணம் உண்டு.

மண் களத்தின் குணம்

அப்படியானால் மண் களத்தின் குணம் என்ன?

டென்னிஸ் உலகில் மண் களத்தின் தலைநகர் பாரிஸ். அங்குள்ள ரோலான் காரோ அரங்கம், 1913இல் மத்தியதரைக் கடலை விமானத்தில் கடந்த பிரெஞ்சு வீரரின் பெயரைத் தாங்கி 1928இல் எழுந்தது. அதன் செந்நிறத் தரையைப் பார்க்கிறவர்கள் அடிவரை செம்மண் என்றே எண்ணுவார்கள். உண்மை வேறு. அடியில் பெருங்கற்கள், அதன்மேல் சரளை, அதன்மேல் எரிந்த நிலக்கரிக் கசடு, அதன்மேல் பொடித்த சுண்ணாம்புக்கல். இத்தனைக்கும் மேலே தூவப்படும் செங்கற்பொடியின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே! கண்ணுக்குத் தெரிகிற செம்மை சிறிது. கண்ணுக்குத் தெரியாத அடித்தளம் பெரிது.

நம் ஊர்களிலும் மண் களங்கள் உண்டு. களிமண்ணும் மணலும் கலந்து பரப்பி, நீர் தெளித்து, உருளையால் அழுத்திச் சமன் செய்வார்கள். ஆயினும் ஐரோப்பியச் செம்மண் களத்தில் பந்து இன்னும் வேகம் குறைந்து, இன்னும் உயர எழும்பும். மற்றத் தரைகளில் ஓர் அடியில் முடிந்துவிடும் ஆட்டம் இங்கே முடியாது. எதிராளி ஓடி வந்து, தரையில் சறுக்கியபடியே பந்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். மீண்டும் அடிக்க வேண்டும். மீண்டும் திரும்பி வரும். அவசரக்காரரை இந்த மண் விரைவில் தண்டித்துவிடுகிறது.

இன்னொரு சிறப்பும் உண்டு. பந்து விழுந்த இடத்தில் அதன் தடம் மண்ணில் பதிந்துவிடும். ஐயம் எழுந்தால் நடுவரே உயர்ந்த இருக்கையிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, அந்தத் தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். மண் மறப்பதில்லை.

கிழக்கே ஒரு குடும்பம்

இப்போது சந்திப்பில் நின்றபடியே கிழக்கே திரும்புங்கள். எல்டாம்ஸ் சாலை வழியே ஆழ்வார்பேட்டையைத் தாண்டினால் மயிலாப்பூர். அங்கே ஆலிவர் சாலையோடு சேர்த்து டென்னிஸ் அன்பர்கள் நினைப்பது கிருஷ்ணன் குடும்பத்தாரின் பயிற்சி மையத்தை. தந்தை இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றவர். மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் பாரிஸ் செம்மண்ணில் சிறுவர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு விம்பிள்டன் புல்தரையிலும் சிறுவர் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 18!

ஆயினும் இந்தியரின் புகழெல்லாம் பெரும்பாலும் புல்தரையிலேதான் விளைந்தது. லக்னோப் பகுதியைச் சேர்ந்த கவுஸ் முகமது, 1939இல் விம்பிள்டன் காலிறுதியை எட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றதும் புல்தரையில்தான். பிற நாட்டார் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 1987இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குச் சென்றபோது, ஸ்வீடன் நாட்டவர் கோத்தன்பர்க் நகரில் கூரைக்கு அடியிலேயே மண் களத்தை அமைத்து நம்மை வரவேற்றார்கள். முடிவு 5-0. மண் களம் நமக்கு எட்டாத களம் என்ற எண்ணம் பலர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

அந்த எண்ணத்தை அசைத்தவர்களுள் ஒருவரைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

சென்னையின் இடக்கை வீரர்

பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 1989 நவம்பரில் சென்னையில் பிறந்தவர். இடக்கை ஆட்டக்காரர். இளமையில் வளர்ந்து வரும் வேளையில் முழங்கால் எலும்பில் விரிசல்கள் கண்டு, பல ஆண்டுகளை ஆட்டமின்றியே கழிக்க நேர்ந்தது. ஒத்த வயதினர் முன்னேறிச் செல்ல, இவர் மருத்துவரின் வாசலில் காத்திருந்தார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று பயிற்சி பெற்று மீண்டும் எழுந்தார். அப்போது வயது இருபத்தைந்தைக் கடந்துவிட்டது.

2018 ஏப்ரல் மாதத் தொடக்கம். சீனத்தின் தியன்ஜின் நகரில் டேவிஸ் கோப்பைப் போட்டி. 0-2 என்று பின்தங்கியிருந்த இந்தியா மீண்டு வந்து 2-2 என்று சமன் செய்திருந்தது. இறுதித் தீர்ப்பைத் தரும் ஐந்தாவது ஆட்டத்தில் பிரஜ்னேஷ், சீனத்தின் ஊ யீபிங்கை வென்று நாட்டுக்கு வெற்றியைத் தேடித் தந்தார். அதே மாத இறுதியில், அதே சீனத்தில், ஆனிங் நகரின் செம்மண் களத்தில் 'சேலஞ்சர்' வகைப் போட்டியொன்றின் பட்டத்தையும் வென்றார். அந்த வகையில் அவருடைய முதல் பட்டம் அது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் எகிப்து நாட்டின் முகமது சஃப்வத். முதல் செட்டை 5-7 என்று இழந்தபின் 6-3, 6-1 என்று மீண்டு வந்தார் நம்மவர். மண் கேட்கும் பொறுமை அவரிடம் இருந்தது.

சஃப்வத் என்ற அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

அந்த ஒரு வாரம்

2018 மே 25ஆம் நாள் சென்னையில் சின்னமலையிலிருந்து டி.எம்.எஸ். வரை சுரங்க மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. தேனாம்பேட்டை நிலையம் திறக்கப்பட்டதும் அன்றுதான். ஆண்டுக்கணக்கில் தடுப்புத் தகடுகளுக்கு இடையே நெளிந்து நடந்த மக்கள், மின்படிக்கட்டில் இறங்கி வியந்து நின்றார்கள்.

அதே வாரம் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் போட்டியின் தகுதிச் சுற்றுகள் நடந்தன. பிரஜ்னேஷ் அதன் கடைசிச் சுற்று வரை வந்து, அங்கே தோற்றார். இன்னும் ஒரு வெற்றி கிடைத்திருந்தால் உலகின் நான்கு பெரும் போட்டிகளுள் ஒன்றின் முதன்மைச் சுற்றில் முதன்முறையாகக் கால் வைத்திருப்பார்.

இங்கே ஒரு விதியை விளக்க வேண்டும். முதன்மைச் சுற்றுக்குத் தேர்வானவர் எவரேனும் கடைசி நேரத்தில் விலகினால், தகுதிச் சுற்றின் இறுதியில் தோற்றவர்களுள் ஒருவருக்கு அந்த இடம் கிடைக்கும். அவரை 'லக்கி லூசர்' என்பார்கள். தோற்றும் பேறு பெற்றவர்! கல்லூரிச் சேர்க்கையில் காத்திருப்போர் பட்டியல் என்கிறோமே, அதைப் போன்றதுதான் இது. ஆனால் அந்த இடம் வேண்டுமானால் அங்கேயே காத்திருக்க வேண்டும். வேறு போட்டிக்குச் சென்றுவிட்டால் வாய்ப்பு இல்லை.

பிரஜ்னேஷ் காத்திருக்கவில்லை. அடுத்த வாரம் இத்தாலியின் விசென்சா நகரில் நடக்கவிருந்த போட்டியில் ஆட ஒப்புக்கொண்டு புறப்பட்டுவிட்டார். இதில் தவறு என்ன? அவர் நிலையிலிருந்த ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு வாரமும் வருவாயும் தரவரிசைப் புள்ளிகளும் அல்லவா முக்கியம்? வழக்கமான ஆண்டில் ஓரிருவரே விலகுவார்கள். ஆனால் அவ்வாண்டு, காயத்தால் கடைசி நேரத்தில் விலகுவோருக்கும் முதல் சுற்றுப் பரிசில் பாதி உண்டு என்ற புதிய விதி வந்திருந்தது. அடுத்தடுத்து விலகினார்கள். எட்டு இடங்கள் காலியாயின!

அவற்றுள் ஓர் இடம் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஒரு மாதத்துக்கு முன் ஆனிங்கில் பிரஜ்னேஷிடம் தோற்ற அதே முகமது சஃப்வத்துக்கு! மே 27 காலை, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரங்கூட இல்லாத நிலையில் அவருக்குச் செய்தி வந்தது. அரங்கின் தலைமைக் களத்தில் டிமித்ரோவை எதிர்த்து ஆடினார். தோற்றார், ஆயினும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எந்த எகிப்தியரும் எட்டாத இடத்தை எட்டினார்.

மற்றோர் இடம் அர்ஜென்டினாவின் மார்க்கோ துருஞ்செல்லீத்திக்குப் போயிற்று. அவர் ஏற்கெனவே பார்சிலோனாவுக்குத் திரும்பியிருந்தார். செய்தி கேட்டதும் தம்பியையும் தாயையும் எண்பது வயதைக் கடந்த பாட்டியையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்து, மறுநாள் ஆடி வென்றும்விட்டார்! உலகமே அந்தப் பாட்டியைக் கண்டு மகிழ்ந்தது. பட்டியலில் அவருக்கு முன்னால் இருந்த சென்னை இளைஞரை நினைத்தவர் எத்தனை பேர்? முதல் சுற்றில் தோற்றாலே 40,000 யூரோ. அன்றைய மதிப்பில் முப்பது லட்சம் ரூபாய்க்கு மேல்.

தடம் அழியவில்லை

வாசகர்களே, இந்த இடத்தில் பலர் உடைந்துபோயிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் அந்த ஒரு முடிவையே எண்ணி மாய்ந்திருப்பார்கள்.

பிரஜ்னேஷ் செய்தது என்ன? அடுத்த மாதமே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், அப்போது உலகின் முதல் முப்பது பேருள் ஒருவராக இருந்த கனடாவின் ஷபவலோவைப் புல்தரையில் வென்றார். ஆகஸ்டில் ஆசிய விளையாட்டில் வெண்கலம். நவம்பரில் பெங்களூருவில் இரண்டாவது சேலஞ்சர் பட்டம். 2019 சனவரியில் ஆஸ்திரேலியாவில் தகுதிச் சுற்றுகளை வென்று முதன்மைச் சுற்றில் நுழைந்தார். ஏப்ரலில் தரவரிசையில் 75ஆம் இடம். மே மாதம்? அதே பாரிஸ், அதே செம்மண். இம்முறை காத்திருப்போர் பட்டியல் இல்லை. தரவரிசையின் உரிமையிலேயே நேராக உள்ளே சென்றார். முதல் சுற்றில் தோற்றார் என்பது உண்மை. ஆனால் முன்வாசல் வழியே சென்று ஆடித் தோற்றார். அவ்வாண்டு நான்கு பெரும் போட்டிகளின் முதன்மைச் சுற்றுகளிலும் ஆடினார். 2024 நவம்பரில் ஓய்வை அறிவித்தார்.

அவர் நடந்த வழி அடைபட்டுவிடவுமில்லை. 2024 ஏப்ரலில் ஹரியானாவைச் சேர்ந்த சுமித் நாகல், மான்டி கார்லோ மண் களத்தில் இத்தாலியின் அர்னால்டியை வென்றார். 'மாஸ்டர்ஸ்' நிலைப் போட்டியின் முதன்மைச் சுற்றில், மண் களத்தில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை வென்ற முதல் இந்தியர் அவரே.

மாலை மயங்குகிறது. தேனாம்பேட்டை நிலையத்தின் வாயிலில், தோளில் பையோடு மாணவியர் கூட்டம் படியிறங்குகிறது. சற்றுத் தள்ளி, வெளியூரிலிருந்து வந்த ஒரு தந்தையும் மகளும் பேருந்துக்காக நிற்கிறார்கள். எந்தக் கல்லூரியிலிருந்து வருகிறார்களோ, இடம் கிடைத்ததோ இல்லையோ, நான் அறியேன். அந்தப் பெண்ணின் முகம் மட்டும் வாடியிருந்தது.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு முகம் இருக்கலாம். பட்டியலில் பெயர் வராத மகளிடமும், நேர்காணலில் தோற்றுத் திரும்பிய மகனிடமும், "அன்றே நீ காத்திருந்தால் கிடைத்திருக்குமே!" என்று குத்திக் காட்டாதீர்கள். அன்று அறிந்ததைக் கொண்டு அன்று எடுத்த முடிவு அது. அடுத்த வாரம் ஆட வேண்டிய களம் எது என்று மட்டும் அன்போடு கேளுங்கள். செங்கற்பொடி ஒரு காற்றில் பறந்துவிடும்; மீண்டும் தூவிக்கொள்ளலாம். அடியில் அடுக்கிய கற்கள் அசையாதிருந்தால் போதும்.