பார்க்காமல் வாங்க வந்தவர்

சனி, இரவு

கட்டில், ஃப்ரிட்ஜ், ஸ்கூட்டர் மூன்றையும் இன்று மாலை ஆன்லைன் விளம்பரத்தில் ஏற்றியாயிற்று. மாதக் கடைசிக்குள் ஸ்ரீரங்கம் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோவைக்குப் போக வேண்டும். அங்கே பார்த்திருக்கும் வீட்டின் அறைக்குள் இந்தக் கட்டில் நுழையாது.

விளம்பரம் ஏறிய சூட்டோடு கட்டிலுக்கு ஓர் அழைப்பு. இந்தி கலந்த ஆங்கிலம். ராணுவத்தில் இருக்கிறாராம், திருச்சிக்கு மாற்றலாகி வருகிறாராம், குடும்பம் முன்னாலேயே வந்து இறங்குகிறதாம். என்ன மரம், எத்தனை அடி, பூச்சி அரித்திருக்கிறதா என்று எதையும் கேட்கவில்லை. 14,000 ரூபாய் போட்டிருந்தேன். அதில் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. பழைய சாமான் வாங்க வருகிறவர் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டால் அங்கேயே நான் உஷாராகிவிடுவேன். இவருக்குக் கட்டில் தேவையே இல்லை.

நான் கேட்காமலே வாட்ஸ்அப்பில் ராணுவ அடையாள அட்டை, ஆதார், சீருடையில் ஒரு படம் எல்லாம் வந்து விழுந்தன. "பணத்தை இப்போதே போட்டுவிடுகிறேன் மேடம். கியூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கள். காலையில் வண்டி வரும்." நேரில் வந்து கட்டிலைப் பாருங்கள், பிறகு பணம் கொடுங்கள் என்றேன். குரல் சட்டென்று ஏறியது. எல்லையில் நிற்கிறவனை நம்ப மாட்டீர்களா என்று சத்தம் போட்டார். இணைப்பைத் துண்டித்து, எண்ணைத் தடுத்து, அந்தத் தளத்திலும் புகார் அழுத்தினேன்.

ஞாயிறு

காபி கொடுக்க வந்த கீழ் வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. போன மாதம் வாஷிங் மெஷினை விற்கப் போட்டிருந்தாராம். அதே ராணுவக் கதை, அதே அவசரம். "முதல்ல அஞ்சு ரூபா அனுப்பிப் பாருங்க, பத்தா திருப்பி அனுப்புறேன்னான். அனுப்பினேன், பத்து ரூபா வந்துச்சும்மா. அப்புறம் எப்படி நம்பாம இருக்கிறது?"

அடுத்து வந்த கியூஆர் படத்தின் மேல் '9,000 ரூபாய் பெறுவீர்கள்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அது படத்தில் எவரும் அடித்து ஒட்டக்கூடிய எழுத்து. ஸ்கேன் செய்ததும் திறந்தது பணம் செலுத்தும் திரை. யுபிஐ பின் நம்பர் கேட்டது, அக்கா போட்டார், 9,000 போயிற்று. "ஐயோ, சிஸ்டத்துல தப்பாயிடுச்சு, இன்னொரு தடவை பண்ணுங்க, ரெண்டும் சேர்த்து வந்துடும்" என்று அடுத்து 18,000-க்கு ஒரு கோடு. ஆக 27,000.

யுபிஐயில் பணம் பெறுவதற்கு அந்தப் பின் நம்பர் வேண்டியதே இல்லை. நம் எண்ணோ யுபிஐ ஐடியோ இருந்தால் பணம் தானாக வந்து சேரும். பின் போடும் கட்டம் திரையில் வந்தால் அங்கே போவது நம் பணம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 'படிச்சவங்க எப்படி ஏமாந்தாங்க' என்று கேட்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. பால், காய்கறி, கேஸ், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் நாள் முழுக்கப் பின் போட்டுப் பழகிய விரல் அது. அந்தப் பத்து ரூபாய், நம்பிக்கையை விலைக்கு வாங்கக் கொடுத்த முன்பணம். இதைத் தொழிலாகவே நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ராஜஸ்தானின் பரத்பூர், ஹரியானாவின் நூஹ் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய மேவாத் வட்டாரத்தில், இந்த வகை மோசடிக் கும்பல்கள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. கும்பலாக, பயிற்சியோடு வருகிறவர்களுக்கு எதிரே அக்கா தனியாக நின்றார்.

நபருக்கு நபர் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' வசதியை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்தச் செய்தது. நல்ல காரியம். ஆனால் கியூஆர் வழி அப்படியேதான் இருக்கிறது.

அக்கா மகனிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கம். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழைத்ததே சில நாள் கழித்துத்தான். போகும் பணம் ஒரு கணக்கில் நிற்காது, சில நிமிடங்களில் வேறு வேறு கணக்குகளுக்குச் சிதறிவிடும். அது வெளியே எடுக்கப்படுவதற்குள் புகார் பதிவானால்தான் வங்கிகளால் முடக்க முடியும். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930-க்கு அடிக்க வேண்டும். அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

செவ்வாய்

அந்த அடையாள அட்டைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதில் இருப்பது யாரோ ஒரு நிஜ மனிதரின் முகம். எங்கேயோ, எதற்கோ, யாருக்கோ நம்பி அனுப்பிய அட்டை இன்று தூண்டில் புழுவாக ஊர் ஊராகச் சுற்றுகிறது. அவர் பெயரில் எத்தனை பேர் சாபம் விட்டிருப்பார்களோ, அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அட்டையைக் காட்டினார், அதனால் நல்லவர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அந்த நம்பிக்கைதான் இவர்களுடைய மூலதனம். ரசீது போடணும், ஆதார் அனுப்புங்க என்று யார் கேட்டாலும் நான் அனுப்பப் போவதில்லை. கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை எடுத்துக் கொடுக்கலாம்.

புதன்

அண்ணன் மகன் ஃபோன் செய்தான். "அத்தை, ஒரு புல்லட் 35,000-க்கு வருது!" விற்பவர் விமான நிலையத்தில் பாதுகாப்புப் பணியாம், வண்டி அங்கேயே நிற்கிறதாம், பார்சலில் அனுப்ப 3,150 மட்டும் முன்பணமாம். வாங்குகிறவனைப் பிடிக்க வீசும் வலை இது. முதலில் பார்சல் கட்டணம், பிறகு கேட் பாஸ், பிறகு 'திரும்பக் கிடைக்கும்' வரி என்று நாம் நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு பைசா அனுப்பாதே என்றேன். முகம் வாடியிருக்கும், பரவாயில்லை.

பழைய ஃபோன் வாங்கும் யோசனையும் அவனுக்கு இருக்கிறது. அதற்கும் வழி சொன்னேன். ஃபோனை நேரில் கையில் வாங்கி *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது முடக்கப்பட்ட ஃபோனா என்று தெரிந்துவிடும்.

வெள்ளி

ஸ்கூட்டருக்கு உண்மையான ஆள் வந்தார். மண்ணச்சநல்லூரிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும். பகல் பதினொரு மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தேன். வாங்க வந்தவர் குனிந்து சைலன்சரைத் தட்டினார், டயரை விரலால் அழுத்தினார், சீட்டைத் தூக்கி பேட்டரியைப் பார்த்தார். "பின் டயர் மாத்தணும்க்கா, ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க." அந்த அம்மா, "மூணு குறைங்க" என்றார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆயிரத்து ஐந்நூறில் முடிந்தது.

பணம் அனுப்பிவிட்டதாக அவர் திரையைக் காட்டினார். அவரைச் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் எஸ்எம்எஸ்ஸையோ ஸ்கிரீன்ஷாட்டையோ வைத்துச் சாவி கொடுக்கக் கூடாது, இரண்டையும் போலியாகச் செய்ய முடியும். வங்கிச் செயலியைத் திறந்து கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே கொடுத்தேன். "நல்லதுதான்க்கா, பாத்துக்குங்க" என்று அவரே சொன்னார்.

பெயர் மாற்ற வேலையை இன்றே முடித்தேன். 29, 30 படிவங்கள், இருவர் கையெழுத்து, ஆர்சி புக், இன்ஷூரன்ஸ். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். வெறும் சம்பிரதாயம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வந்த முடிவு அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கார் ஒருவரிடமிருந்து ஒருவராகப் பல கைகள் மாறியிருந்தது, ஆர்சியில் மட்டும் பெயர் மாறவில்லை. விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு, பதிவில் பெயர் இருந்த முதல் உரிமையாளர்மேல் விழுந்தது. விற்ற வண்டியை மறக்கலாம், பெயர் மாறியபிறகு.

சாயங்காலம் அக்கா மாடிக்கு வந்தார். அவர் பணத்தில் ஒரு பகுதி ஏதோ ஒரு வங்கிக் கணக்கில் முடங்கி நிற்கிறதாம். திரும்ப வாங்க மனுப் போட வேண்டுமாம், தனியாகப் போகத் தயக்கம். மகனிடம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அவன் லீவு போட்டு வருகிறான், நானும் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகிறேன். புகார் எண், வங்கி ஸ்டேட்மென்ட், அந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டில் இன்னும் விற்கவில்லை, நாளை விலையைக் குறைத்துப் போட வேண்டும்.