தராசைப் பார்த்தியாய்யா?

வெள்ளிக்கிழமை மாலை பாயான் லெப்பாஸில் வேலை முடித்து, பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நெரிசல் எனக்கு உறைக்கவே இல்லை. மனம் முழுக்க அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்த சோதனையில்தான் இருந்தது.

சர்வர்களைச் சோதிப்பது என் வேலை. ஒரு மென்பொருளை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன், 500 பேர் ஒரே நேரத்தில் அதைப் பயன்படுத்துவதுபோல இன்னொரு கணினியிலிருந்து கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருப்போம். பத்து நிமிடம் தாங்கினால் போதாது. 72 மணி நேரம் தாங்க வேண்டும். சில கோளாறுகள் முதல் நாளில் தலைகாட்டாது. சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, மூன்றாம் நாள்தான் தெரியும்.

அந்த வாரம் திங்கட்கிழமை தொடங்கிய சோதனை 30ஆவது மணி நேரம் வரை நன்றாகத்தான் போனது. ஒரு கோரிக்கைக்குப் பதில் வர 200 மில்லி விநாடி. அதன்பிறகு அரை விநாடி, ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று ஏறிக்கொண்டே போனது.

எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தரவுத்தளத்தோடு பேசும் பகுதியை முந்தைய வாரம் மாற்றி எழுதியவள் அவள்தான். வியாழக்கிழமை கூட்டத்தில் நான் யோசிக்கவே இல்லை. “புதிதாக எழுதிய பகுதிதான் காரணம். அதற்கு முன்னால் இந்தப் பிரச்சினை இல்லை” என்றேன். மேலாளர் குறித்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியில்தான் அவளுடைய வேலை நிரந்தரமாவது பற்றி முடிவெடுக்க இருந்தார்கள். அது எனக்கும் தெரியும்.

அவள் இரவெல்லாம் விழித்து, தன் பகுதியை வரிக்கு வரி சரிபார்த்துத் திருத்திக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மாலை மறுபடி தொடங்கினோம். சனிக்கிழமை நள்ளிரவு வீட்டிலிருந்தே எட்டிப் பார்த்தேன். அதே 30ஆவது மணி நேரம், அதே ஏற்றம்.

ஞாயிறு காலை அம்மா “பசியாற வாய்யா” என்று மூன்று முறை கூப்பிட்டும் நான் எழவில்லை. என்னதான் பிரச்சினை என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புரிகிற மாதிரி சொன்னேன். அம்மா இளவயதில் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“பால் நிறுக்கிறப்ப எடை கொறைஞ்சா, நாங்க மொதல்ல தராசத்தான் பார்ப்போம். வெறும் வாளி நேத்து எவ்ளோ காட்டுச்சு, இன்னிக்கு எவ்ளோ காட்டுதுன்னு. அதுக்கப்புறந்தான் மரத்தக் கொற சொல்லுவோம். நீ தராசப் பார்த்தியாய்யா?”

நான் பார்க்கவில்லை.

சர்வர் ஒவ்வொரு கோரிக்கையையும் எவ்வளவு நேரத்தில் முடித்தது என்று தானே ஒரு பதிவு வைத்திருக்கும். அதைத் திறந்தேன். நள்ளிரவிலும் 200 மில்லி விநாடிதான். சர்வர் களைக்கவே இல்லை. களைத்தது கோரிக்கை அனுப்பிய எங்கள் சோதனைக் கணினி. கடைசியில் வரைபடம் போட வசதியாக இருக்குமே என்று, வந்த பதில்கள் அனைத்தையும் நினைவகத்தில் சேர்த்துவைக்கும்படி நான்தான் அமைத்திருந்தேன். விநாடிக்கு 50 கோரிக்கை என்றால் 30 மணி நேரத்தில் 54 லட்சம். நினைவகம் நிரம்ப நிரம்ப, சோதனை மென்பொருள் அடிக்கடி நின்று இடத்தைச் சுத்தம் செய்தது. அது நின்ற நேரமெல்லாம் சர்வரின் கணக்கில் ஏறியது.

இதைவிடப் பெரிய விலை கொடுத்த கதை ஒன்று உண்டு. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையைப் பேட்ரியாட் தடுப்புக் கருவி தடுக்கத் தவறியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தனர். கருவி 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது. அது நேரத்தை எண்ணும் கணக்கில் இருந்த மிகச் சிறிய பிழை, அதற்குள் சுமார் 0.34 விநாடியாகச் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். நீண்ட நேரம் ஓடினால் பிழை கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எத்தனை மணி நேரம் என்று சொல்லவில்லை. திருத்திய மென்பொருள் அங்கே வந்து சேர்ந்தது மறுநாள்தான். அங்கேயும் தவறியது, அளக்கும் கடிகாரம்.

திங்கட்கிழமை அதே கூட்டத்தில், அதே மேலாளர் முன்னால், தவறு என்னுடையது என்று சொன்னேன். வியாழக்கிழமை எழுதிய குறிப்பை அடிக்கச் சொன்னேன். அடித்தார்.

பிறகு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லண்ணா” என்றவள், தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். “சனிக்கிழமையே நானும் சர்வர் பதிவைப் பார்த்தேன். நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதால, நான்தான் தப்பாப் பார்க்கிறேனோன்னு இருந்துட்டேன்.”

கூட்டத்தில் ஒப்புக்கொண்டதைவிட இதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

இப்போது ஒவ்வொரு பெரிய சோதனைக்கும் முன்னால், எந்த வேலையும் செய்யாமல் உடனே பதில் தரும் வெற்றுச் சர்வர் ஒன்றை வைத்து, முதலில் எங்கள் சோதனைக் கணினியையே 72 மணி நேரம் ஓடவிடுகிறோம். அம்மா சொன்ன வெறும் வாளி அதுதான். கூட்டத்தில் நான் வாய் திறக்கும் முன், புதிதாக வந்தவர்களிடம் “நீங்க என்ன பார்த்தீங்க?” என்று கேட்கிறேன்.

அந்தப் பெண்ணின் வேலை நிரந்தரமாகிவிட்டது. போன மாதம் வெற்றுச் சர்வர் சோதனையை நடத்தியவள் அவள்தான். அதில் கிடைத்த இரண்டு பிழைகளும் என் கணினியில்தான் இருந்தன. இந்த முறை சொல்ல அவள் தயங்கவில்லை.