ஆளில்லாத மண்டபம்

மதுரை புதுமண்டபம் என்றால் என் வயதுக்காரர்களுக்குத் தையல் மெஷின் சத்தமும் புத்தகக் கடைகளும் ஜனக்கூட்டமும்தான் நினைவுக்கு வரும். அதே மண்டபத்தின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தை 1858இல் லின்னேயஸ் டிரைப் படம் பிடித்திருக்கிறார். ராணுவ அதிகாரி, 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். மெழுகு பூசிய காகித நெகட்டிவிலிருந்து அச்சிட்ட படம். வரிசையாகத் தூண்கள், வெளிச்சம், நிழல். அவ்வளவுதான். ஒரு ஆள் இல்லை.

இதற்கு என்ன அர்த்தம்? 1857 கிளர்ச்சி முழுதாக அடங்காத நேரம் அது. ஜனங்களை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் பார்த்த ஆட்சியாளரின் கண் என்று ஒருவர் சொல்லலாம். திருமலை நாயக்கர் காலத்து வேலைப்பாட்டின் முன் அடக்கமாக நின்ற கலைஞனின் மரியாதை என்று இன்னொருவர் சொல்லலாம். படம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். போட்டோவுக்கு வெளிச்சம் விடும் நேரத்தை அந்த மொழியில் 'தான் த போஸ்' என்பார்கள். நம் ஸ்டூடியோக்காரர் 'போஸ் கொடுங்க' என்பதும் அந்த வார்த்தைக்கு உறவுதான். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவுக்கு, நிழலான இடத்தில், நிமிடக் கணக்கில் வெளிச்சம் வேண்டும். அசையாத தூண் பதியும். நடந்து போகிறவர் பதியமாட்டார். பூக்கூடையோடு ஒரு அம்மாள் அந்த வழியாகப் போயிருந்தாலும் படத்துக்குத் தெரியாது.

அரசாங்கக் கோப்பும் இப்படித்தான். வருஷக்கணக்காக நான் எழுதிய குறிப்புகளில் மனுதாரரின் சர்வே எண் இருக்கும், தேதி இருக்கும். மூன்று பஸ் மாறி வெயிலில் வந்த களைப்பு இருக்காது. எங்கள் காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலைக்கும் ரசீது உண்டு. அதில் விலை இருக்கும். கோர்வைச் சேலைக்குத் தறியின் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு நாடா தள்ளிக் கொடுத்த பையனின் பெயர் எந்தச் சீட்டிலும் கிடையாது.

வீட்டுப் பழைய படங்களின் பின்புறம் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். படத்தில் இல்லாதவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்த பெரியப்பா, கூப்பிட்டும் வராமல் சமையலறையிலேயே நின்றுவிட்ட அத்தை. அவர்களை நினைவில் வைத்திருப்பது இப்போது நாம் மட்டும்தான்.