ஒரு கன்றுதானே!

பிரிஸ்பேன் ஏர்போர்ட்டை ஒட்டி ஈகிள் ஃபார்ம் என்று ஒரு இடம் இருக்கிறது. இங்கே வசிக்கும் நம்மவர்கள் பலமுறை அந்தப் பக்கம் போயிருப்போம். இன்று பெரும்பாலும் கிடங்குகளும் லாரிகளும்தான். ஒரு காலத்தில் அங்கே வாழை இருந்தது. 1874-ல் அந்த வாழைகள் வாடிச் சாவதை ஜோசப் பான்கிராஃப்ட் என்ற மருத்துவர் கவனித்து எழுதி வைத்தார். பனாமா வாடல் நோய் என்று உலகம் இன்று சொல்லும் நோயைப் பற்றிய முதல் பதிவு அதுதான். வாடிய ரகம் 'சுகர் பனானா'. வேறு எதுவும் இல்லை, நம்ம ரஸ்தாளியின் கூட்டம்தான்.

இந்த நோயை நான் முதலில் கேள்விப்பட்டது பெரியப்பாவிடம். லால்குடிப் பக்கம் ரஸ்தாளி போட்டவர். அடி இலை ஓரத்தில் மஞ்சள் கட்டும், அப்புறம் ஒவ்வொரு இலையாகத் தண்டை ஒட்டித் தொங்கிவிடும். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள். "தண்ணி பாய்ச்சிக்கிட்டே இருக்கேன், மரம் தாகத்துல சாவுது" என்பார். கடைசியில் ரஸ்தாளியை விட்டுவிட்டுப் பூவனுக்கு மாறிவிட்டார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. மண்ணில் இருக்கும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் குடியேறுகிறது. அதைத் தடுக்க மரமும் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஈர மண்ணில் நின்றபடியே மரம் காய்கிறது.

நான் சாஃப்ட்வேர்காரன். இதில் என்னை உட்கார வைத்த விஷயம் வேறு. ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற இந்த இனத்தில் பெரும்பாலானவை யாருக்கும் தொந்தரவு இல்லாமல் மண்ணில் வாழ்பவை. தக்காளிக்கு ஒன்று, பருத்திக்கு ஒன்று, வாழைக்கு ஒன்று என்று நூற்றுக்கும் மேற்பட்ட நோய் வகைகளும் அதே இனத்தில் இருக்கின்றன. ஒரே இனத்தில் சாதுவும் கொலைகாரனும் எப்படி?

2010-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு ஆய்வு இதற்குத் தக்காளியை வைத்துப் பதில் சொன்னது. தக்காளியை வாட்டும் பூஞ்சையில் 15 குரோமோசோம்கள். அன்றாடப் பிழைப்புக்கான மரபணுக்கள் ஒரு பக்கம். இன்னும் சில குரோமோசோம்கள், நாம் புரோகிராமில் சேர்க்கும் பிளக்-இன் மாதிரி, தனிச் சேர்க்கை. அதில் 14-வது குரோமோசோமில்தான், செடியின் குழாய்க்குள் பூஞ்சை சுரக்கும் புரதங்களின் மரபணுக்கள் பல இருக்கின்றன. ஆய்வாளர்கள் இந்தப் பூஞ்சையையும், தக்காளியை ஒன்றும் செய்யாத இன்னொன்றையும் சேர்த்து வளர்த்தார்கள். அந்தக் குரோமோசோம் முழுசாக இதிலிருந்து அதற்குப் போய்விட்டது. அதுவரை சாதுவாக இருந்தது தக்காளியை வாட்ட ஆரம்பித்தது!

செடியும் சும்மா இருப்பதில்லை. அந்தப் புரதங்களில் ஒன்றை அடையாளம் கண்டு எச்சரிக்கும் மரபணுக்கள் சில தக்காளிகளில் உண்டு. பூஞ்சை அந்தப் புரதத்தில் ஒரே ஒரு இடத்தை மாற்றிக்கொண்டு காவலைத் தாண்டிவிடும். அப்போது காட்டுத் தக்காளியிலிருந்து இன்னொரு காவல் மரபணுவைக் கலப்பு செய்து கொண்டுவருவார்கள். தக்காளிக்கு விதை இருப்பதால் இந்த ஆட்டம் நடக்கிறது.

நாம் சாப்பிடும் வாழைக்கு விதை ஏது? கன்று தாயின் நகல். ஒரு தோட்டம் முழுக்க ஒரே பாஸ்வேர்டு. குரோ மிஷெல் என்ற ரகத்தை மட்டும் நம்பிய மத்திய அமெரிக்கத் தோட்டங்கள் அப்படித்தான் அழிந்து, 1960-களுக்குள் கேவண்டிஷுக்கு மாறின. இப்போது கேவண்டிஷையும் சாய்க்கும் டிஆர்4 என்ற வகை வந்துவிட்டது. 2015-ல் அது குயின்ஸ்லாந்தின் வாழைப் பகுதியான டல்லியில் தெரிந்தது. மண்ணில் வந்தால் பல பத்தாண்டுகள் போகாது.

போன வருஷம் அம்மா கிளம்பும்போது போனில், "பெரியப்பா தோட்டத்துல இன்னும் நாலஞ்சு ரஸ்தாளி நிக்குது. ஒரு கன்று ஈரத்துணியில சுத்திக் கொண்டு வரேன்டா, பேத்தி நம்ம பழத்த சாப்பிட வேணாமா?" என்றார். "வேணாம்மா" என்றேன். "ஒரு கன்றுதானே! நல்லாத்தான் இருக்கு, நானே பார்த்தேன்" என்றார்.

நல்லாத்தான் இருக்கும். அதுதான் சிக்கல். உள்ளே நோய் இருந்தாலும் கன்று வெளியே பச்சையாக, தெளிவாக நிற்கும். கூடவே கிழங்கில் ஒட்டிய மண், அந்த மண்ணில் இருக்கும் பூஞ்சைகள், அவை சுமக்கும் குரோமோசோம்கள். பெரியப்பா மண்ணில் நடந்ததை டல்லியில் இன்னொரு குடும்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க பெரியப்பா அன்னிக்கு அழுதாரு, தெரியுமா?" என்றார். கன்றுப் பேச்சு அத்தோடு நின்றது.

ஆனால் என் மகள் விடவில்லை. "அப்போ மரத்துக்குப் புது பாஸ்வேர்டு குடுக்க முடியாதாப்பா?" முடியும். இதே பிரிஸ்பேனில் ஜேம்ஸ் டேல் குழு, காட்டு வாழை ஒன்றின் மரபணுவைக் கேவண்டிஷில் சேர்த்து க்யூகேவ்-4 என்ற ரகத்தை உருவாக்கியது. 2024-ல் அதைப் பயிரிட அரசு அனுமதி கிடைத்தது. அதைக் காட்டிவிட்டு அவளிடம் நான் சொன்னது ஒன்றுதான்: யாருக்கும் தேவைப்படாமல், கொட்டை நிறைந்து காட்டில் நின்ற வாழையிடம்தான் அந்த மரபணு இருந்தது.

நம் வீடுகளில் ஊர் ருசியைப் பிள்ளைகளுக்குக் கடத்துவது பெரிய வேலை. செய்யத்தான் வேண்டும். வாழை வைக்க ஆசையா? உங்கள் ஊர் விதிகளைப் பார்த்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற நர்சரியில் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று கேளுங்கள். ஊரில் வயலுக்குப் போயிருந்தால் செருப்பு மண்ணைக் கழுவிவிட்டு விமானம் ஏறுங்கள். இறங்கியதும் தரும் படிவத்தை நிரப்பும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏன் என்று சொல்லிக்கொடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது செருப்பைத் திருப்பிப் பார்ப்பது மகளின் பொறுப்பு. பாட்டி செருப்புக்கும் விலக்கு கிடையாது.