குறைமாதத்தில் வந்த இருவர்

"ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்று சொல்லும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. பழங்காலக் கிரேக்கரின் மருத்துவ நூல்களிலும் இந்நம்பிக்கை காணப்படுகிறது. ஆனால் உண்மை இதற்கு நேர்மாறானது. தாயின் வயிற்றில் சிசு தங்கும் ஒவ்வொரு வாரமும் அதன் உயிருக்கு வலுச் சேர்க்கிறது. எட்டாம் மாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு, ஏழாம் மாதத்தில் பிறப்பதைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

இப்பழஞ்சொல்லை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. "தங்காது" என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்கப்பட்ட குழந்தையை, வீட்டார் பல வேளைகளில் ஓர் ஆளாகவே எண்ணுவதில்லை. அதற்குப் பெயரிடத் தயங்குகிறார்கள். இறந்துவிட்டால் அதைப் பற்றிப் பேசவும் தயங்குகிறார்கள். குறைமாதத்தில் வந்தாலும் அது முழு மனித உயிர் என்பதைச் சாலவாக்கம் பகுதியில் நான் அறிந்த ஒரு குடும்பத்தின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கணவர் கல்குவாரியில் கூலி வேலை செய்பவர். மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வருபவள். மணமாகி ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவள் கருவுற்றாள். இரட்டைப் பிள்ளைகள் என்று ஸ்கேனில் தெரிந்தபோது, இருவரும் கோயிலுக்கு வந்து இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றிவிட்டுச் சென்றார்கள். 31ஆம் வாரத்தில் அவளுடைய முகமும் கைகளும் வீங்கின. இரண்டு நாட்களாகத் தலைவலி விடவில்லை. கண்முன் பூச்சி பறப்பதுபோல் இருந்தது. "இரட்டைப் பிள்ளை சுமக்கிறவளுக்கு வீக்கம் இருக்கத்தானே செய்யும்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். நல்லவேளையாகக் கிராம நர்ஸ் வந்து இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். பார்த்த கணமே 108 வண்டியை அழைத்தார். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் சிசுக்களின் நுரையீரலை முதிரச் செய்யும் ஊசி போடப்பட்டது. மறுநாள் இரவு, தாயின் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், அறுவை செய்து குழந்தைகளை வெளியே எடுத்தார்கள். ஆண் குழந்தை 1,350 கிராம். பெண் குழந்தை 980 கிராம்.

இரண்டாம் நாள் இரவு பெண் குழந்தைக்கு மூச்சு தளர்ந்தது. தந்தை எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் அப்போது தொலைவிலுள்ள ஒரு கிளைக் கிராமத்தில் இருந்தேன். "எனக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே ஞானஸ்நானம் கொடுங்கள்" என்று கூறிவிட்டுப் புறப்பட்டேன். ஆனால் மருத்துவர்கள் குழந்தையைச் சூழ்ந்து நின்ற அந்நேரத்தில் தந்தைக்கு உள்ளே செல்ல வழியில்லை. அவர் வாசலில் நின்று அங்கிருந்த ஒரு நர்ஸிடம் கைகூப்பினார். நெற்றியில் திருநீறு அணிந்திருந்த இளம்பெண் அவர். "உங்க கோயிலில் எப்படிச் செய்வாங்களோ அப்படியே செய்யிறேன். என்ன சொல்லணும்னு சொல்லுங்கண்ணா" என்றார். வாசலில் நின்ற தந்தை ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்லியபடியே குழந்தையின் தலைமேல் சில துளி நீரை வழியவிட்டார். விடியுமுன் குழந்தை கண் மூடியது.

அடக்கத்திற்கு ஊர் கூடியபோது கேள்வி எழுந்தது. "கொடுத்தவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் இல்லையே, சாமி. அந்த ஞானஸ்நானம் செல்லுமா?" என்று கேட்டார் குழந்தையின் பாட்டனார். கல்லறைத் தோட்டத்தின் ஓரமாக, மணி அடிக்காமல் அடக்கிவிடலாம் என்று வேறு சிலர் சொன்னார்கள். அவர்கள் மனதில் வன்மம் ஏதும் இல்லை. அறியாத அச்சம்தான் அப்படிப் பேச வைத்தது.

அன்று அவர்களுக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். அது முழுமையாகச் செல்லும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 861ஆம் பிரிவில், அவசர வேளையில் சரியான கருத்துள்ள எவரும் ஞானஸ்நானம் அளிக்கலாம் என்கிறது. இது புதிய சலுகையும் அன்று. 1439ஆம் ஆண்டிலேயே பிளாரன்ஸ் பொதுச்சங்கம், ஞானஸ்நானம் பெறாதவரும் தேவை நேர்ந்தால் அதனை அளிக்கலாம் என்று அறிவித்திருக்கிறது. தலைமேல் நீர் வழிய வேண்டும். தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவர் பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் அளிப்பதாகக் கூற வேண்டும். திருச்சபை செய்வதையே தானும் செய்யும் எண்ணம் வேண்டும். அந்த நர்ஸ் இம்மூன்றையும் நிறைவேற்றியிருந்தார். ஆகவே மணி ஒலித்தது. வெண்ணிற உடையணிந்து திருப்பலி நிறைவேற்றினேன். தாய் முன்பே தேர்ந்து வைத்திருந்த பெயர் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறியது.

அத்துளி நீரும் கிடைக்காமல் இறக்கும் சிசுக்களின் நிலை என்ன என்று கேட்கும் தாய்மார் உண்டு. "லிம்போ" என்ற ஓர் இடத்தைப் பற்றி முன்னோர் சொல்லக் கேட்டுக் கலங்கியவர்களும் உண்டு. லிம்போ ஒருபோதும் விசுவாசச் சத்தியமாக அறிவிக்கப்பட்டதில்லை. அனைத்துலக இறையியல் ஆணைக்குழு 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஏட்டில், இக்குழந்தைகள் மீட்படைவர் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று எடுத்துரைத்தது. ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்தும் அதற்குமுன் இறந்துவிட்ட குழந்தைக்கு, ஆயரின் அனுமதியுடன் திருச்சபையின் அடக்கச் சடங்கையும் செய்யலாம்.

"நான் வயலுக்குப் போனதாலா, சாமி?" என்று அந்தத் தாய் பின்னர் என்னிடம் கேட்டாள். இக்கேள்வியைச் சுமக்கும் தாய்மார் எத்தனையோ பேர். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவற்றுள் ஏறத்தாழ 30 இலட்சம் நம் நாட்டில் பிறந்தவை. இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன்னே பிறந்துவிடுகிறார்கள். அதிகாரமும் செல்வமும் உள்ள வீட்டிலும் இத்துயரம் நேர்ந்ததுண்டு. 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை 2 கிலோவுக்குச் சற்று மேல். அவனுக்கும் மருத்துவமனையிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 39 மணி நேரத்தில், நுரையீரல் முதிராமையால் அவன் இறந்தான்.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் வழுவழுப்பான ஒரு பொருள் இக்குழந்தைகளிடம் குறைவாயிருப்பதை, மேரி எல்லன் ஏவரி என்னும் பெண் மருத்துவர் 1959ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். ஆனால் பாட்ரிக் பிறந்த காலத்தில் அதற்கு மருந்து இல்லை. 1972ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள், பிரசவத்திற்கு முன் தாய்க்குப் போடும் ஊசி சிசுவின் நுரையீரலை முதிரச் செய்யும் என்று காட்டினார்கள். நம் தாய்க்குப் போடப்பட்டது அவ்வகை ஊசியே. பாட்ரிக்கின் எடையில் பிறக்கும் குழந்தைகள் இன்று பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன.

ஆண் குழந்தை பிழைத்த வகையும் சொல்லத்தக்கது. 1978ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், சூடேற்றும் பெட்டிகள் போதாமையால், எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் அணைத்துக் கட்டிவைக்கச் செய்தார். இதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் வெளியாயிற்று. பிறந்தவுடனே இம்முறையைத் தொடங்கியதால், எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று அது காட்டியது. தினமும் 8 முதல் 24 மணி நேரம் வரை இவ்வாறு அணைத்திருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தாய் எழ முடியாத நாட்களில் தந்தையின் மார்பும் பயன்படும். கல் உடைத்துக் காய்த்துப்போன கைகளால் அத்தந்தை தம் மகனை மார்பில் அணைத்தபடி மணிக்கணக்காக அமர்ந்திருந்ததை நான் கண்டேன். பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலை முதலில் குழாய் வழியாகவும், பின்னர் பாலாடையாலும் கொடுத்தார்கள்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, கர்ப்பவதிக்கு விடாத தலைவலி, மங்கும் பார்வை, முகவீக்கம், மேல்வயிற்று வலி, நீர் அல்லது இரத்தக் கசிவு, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிரார்த்தனையைப் போகும் வழியில் சொல்லிக்கொள்ளலாம். அவசர ஞானஸ்நானம் கொடுக்கும் முறையை வீட்டில் பெரியவர் அனைவரும் கற்றிருங்கள். அப்படி ஞானஸ்நானம் பெற்ற குழந்தை பிழைத்தால் மீண்டும் கொடுக்கத் தேவையில்லை. எஞ்சிய சடங்குகளைக் கோயிலில் நிறைவு செய்யலாம். இரட்டையரில் ஒன்றை இழந்த தாயிடம், "ஒன்றாவது தங்கியதே" என்று சொல்லாதிருங்கள். அவள் இருவரைச் சுமந்தவள். ஒருவரின் வளர்ச்சி மற்றவரின் இழப்பை ஈடு செய்வதில்லை. இறந்த பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். அதைச் சொல்வதற்கு அவள் காத்திருப்பாள்.

அந்தச் சிறுவன் இப்போது பள்ளிக்குச் செல்கிறான். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று, தங்கையின் சிறு கல்லறைமேல் மெழுகுதிரி ஏற்றுவது அவனுடைய வேலை. எத்தனை பிள்ளைகள் என்று யாரேனும் கேட்டால், "இரண்டு பேர்" என்றே அத்தாய் விடை சொல்கிறாள். பங்கின் பதிவேடும் அவ்வாறே சொல்கிறது.