மூச்சு வாங்கினால் வயதைச் சொல்லாதீர்கள்

பெற்றோரைத் திருவனந்தபுரத்தில் விட்டுவிட்டு இங்கே லண்டனில் வேலை பார்க்கும் தமிழர்கள் தொலைபேசியில் அடிக்கடி கேட்கும் பதில், "கொஞ்சம் மூச்சு வாங்குது, வயசாச்சுல்ல" என்பது. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு அந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. 2013-இல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தார் முன்னின்று, மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புக்காகச் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். (இதயம் நின்றுபோவதல்ல இது, ரத்தத்தை இறைக்கும் வலு குறைந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது.) அவர்களின் சராசரி வயது 61. ஐந்தாண்டுகளில் 59 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். 61 மூச்சு வாங்கியே தீரவேண்டிய வயதா?

இந்த நோய் சத்தமில்லாமல் வருவதால்தான் ஏமாந்துபோகிறோம். முதலில் மாடிக்குப் போவது நிற்கும். பக்கத்துக் கோயிலுக்கும் ஆட்டோ வரும். தலைக்கு இன்னொரு தலையணை சேரும். பிறகு ஒருநாள் நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவார்கள். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிறையும். ஆகவே "மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பயனில்லை, போன மாதம் நிற்காமல் ஏறிய படிகளை இப்போதும் அப்படி ஏற முடிகிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எல்லா இளைப்பும் இதயநோயா என்று கேட்கலாம். இல்லைதான். ஆஸ்துமா, ரத்தசோகை, உடல் பருமன், மனப்பதற்றம் எதுவாகவும் இருக்கலாம். எது என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது என்பதே என் வாதம். இசிஜி, எக்கோ, மார்பு எக்ஸ்ரே, ஹீமோகுளோபின் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறதே என்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது, இதயம் பலவீனமானவருக்கும் அந்த எண் சரியாகவே இருக்கக்கூடும். இந்த வயதில் வைத்தியம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்பது இன்னும் மோசமான வாதம். இதயத்தின் வலு குறைந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் உரிய மருந்துகளோடு வீடு திரும்பினார் என்று அதே பதிவேடு சொல்கிறது. ஆயுளை நீட்டும் மருந்துகள் அவை.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், நெஞ்சுவலியோ உதட்டில் நீலமோ குழப்பமோ சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள்.