கசிவு மேலே, சொட்டு கீழே

புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையத்தை ஒட்டிய பட்டறைகளில், காலையில் தரையைப் பார்த்தாலே போதும், ராத்திரி எந்த வண்டி எங்கே நின்றது என்று சொல்லிவிடலாம். எண்ணெய்ப் பொட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

நான் போனபோது பழைய பொலிரோ பிக்கப் ஒன்று நின்றிருந்தது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏற்றுகிற வண்டி. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. "கிராங்க் பின்சீல் போயிடுச்சாம், கியர்பாக்ஸ எறக்கணும்னு வேற எடத்துல சொல்றாங்கண்ணா" என்றார் டிரைவர். மெக்கானிக் பதில் பேசவில்லை. சொட்டை விரலில் வாங்கித் தேய்த்தார், முகர்ந்தார். கியர் ஆயிலாக இருந்தால் கந்தக வாடை மூக்கில் ஏறும். இது கறுத்து, நீர்த்துக் கிடந்தது. எஞ்சின் ஆயில்தான். "மொதல்ல கழுவு" என்றார் பையனிடம்.

இவர் வேலை பழகியது மகிந்திரா ஜீப்புகளில். 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய இந்த ஊருக்குள், எண்பதுகளில் எம்.எம். 540 ஜீப்பின் பானெட்டுக்குள் உட்கார்ந்து பிரெஞ்சுக்கார பெஷோவின் டீசல் எஞ்சின் வந்தது. அந்தக் காலத்திலிருந்தே அவருக்கு ஒரே வழக்கம்: அழுக்கோடு இருக்கிற எஞ்சினில் ஸ்பேனர் வைக்க மாட்டார்.

டீசலும் பிரஷும் போட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, காய்ந்ததும் சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் முகப் பவுடரைத் தூவினார்கள். எண்ணெய் எப்போதும் கீழே வழியும். ஃபேன் காற்றும் ஓட்டத்தின் காற்றும் அதைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் மேலே, முன்னே கசிவதெல்லாம் கடைசியில் பின்பக்கம் வந்துதான் சொட்டும். பின்சீல் மேல் பழி விழுவது அப்படித்தான்.

எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வைத்தார். மூடி தடதடவென்று ஆடியது. "பேக் கம்ப்ரஷன்." ரிங் தேய்ந்தால் பிஸ்டனைத் தாண்டி வாயு கீழே இறங்கும், அது வெளியேற பிரீதர் குழாய் இருக்கிறது. அந்தக் குழாயைப் பிடுங்கினார். உள்ளே கருப்பாகக் களிம்பு அடைத்திருந்தது. போக வழியில்லாத வாயு, இளைத்த பேக்கிங் எதுவோ அது வழியாக எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. பவுடரும் அதையே சொன்னது: டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து ஈரக்கோடு ஒன்று நேராகக் கீழே இறங்கியிருந்தது. பிரீதர் அடைப்பை எடுக்காமல் பேக்கிங்கை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் வண்டி சீக்கிரமே திரும்பி வந்திருக்கும்.

இருந்தாலும் ஆல்டர்னேட்டர் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்த்தார். பிரேக்குக்கு வாக்குவம் தரும் எக்ஸாஸ்டர் அங்கேதான் இருக்கிறது. அதற்கு எஞ்சின் ஆயில் போகும். அதன் சீல் போனால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கிவிடும். சார்ஜ் ஏறவில்லை என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அலைகிறவர்கள் உண்டு. பிறகு அடியில் படுத்து ஆயில் சேம்பரைத் தட்டிப் பார்த்தார். ஐஸ் உருகி வழியும் மீன் தண்ணீரும் கடற்காற்றும் சேர்ந்து தகட்டை அரித்து ஊசித்துளை போட்டுவிடுமாம்.

புதுப் பேக்கிங்குக்கு மூலைகளில் மட்டும் துளி அனபாண்ட். அப்பி வைத்தால் பிதுங்கியது உள்ளே உதிர்ந்து ஆயில் பம்ப்பின் ஜல்லடையை அடைக்கும்.

பில்லில் பேக்கிங் விலையும் கொஞ்சம் கூலியும்தான். கழுவியது, காயவிட்டது, தேடியது எதற்கும் கணக்கில்லை. "பாத்ததுக்கு யாரு காசு குடுப்பா?" என்று சிரித்தார். கியர்பாக்ஸை இறக்கியிருந்தால் ஒரு நாள் கூலி. இறக்கியதோடு இறக்கியதாக கிளட்ச் பிளேட்டும் மாற்றியிருக்கலாம். ஊகித்தவனுக்குக் கிடைக்கிற காசு கண்டுபிடித்தவனுக்குக் கிடைக்காத தொழில் இது. எனக்கு அது உறுத்தியது. அவருக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை.

பின்சீலிலும் லேசாக ஈரம் இருக்கத்தான் செய்தது. அதைத் தொடவில்லை. "இந்த வயசு வண்டிக்கு அவ்ளோ இருக்கும் தம்பி. ரிங் வேலை வரும்போது சேத்துப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் தெனம் காலையில எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடி கேஜ உருவிப் பாரு, கொறஞ்சா ஊத்து. சிவப்பு லைட்டு எரியட்டும்னு இருக்காத, அது எரியறதுக்குள்ள பேரிங் போயிடும்."